வீட்டுக்காரரோடு ஒரே கூரையின் கீழ்: அறை வாடகைக்கு இருப்பவரை எந்தச் சட்டம் காக்கும்?

பெக்கோக்கிலிருந்து வெளியூருக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு, வேலை கிடைத்த மறுநாளே அறை தேடும் வேலை ஆரம்பமாகிவிடுகிறது. மாசாய், பாசீர் கூடாங், ஸ்கூடாய், செனாய் என்று தொழிற்சாலைகள் இருக்கும் பக்கமெல்லாம், முழு வீடு எடுக்க வசதியில்லாதவர்களுக்கு 'பிலிக் சேவா' விளம்பரம்தான் வழி. பல வீடுகளில் வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே இருப்பார். பின்பக்க அறை நம் பையனுக்கு. குளியலறை பொது. சமையலறையில் மெகி மீ வேகவைக்கலாம், மீன் குழம்பு வைக்கக் கூடாது. பேச்செல்லாம் புலனத்தில் நடக்கிறது, பணம் கையில் கொடுக்கப்படுகிறது. ஒரு துண்டுச் சீட்டில்கூட கையெழுத்து இருக்காது.

எல்லாம் சுமூகமாக இருக்கும்வரை இதில் ஒரு குறையும் தெரியாது. "தம்பி, இந்த மாசத்தோட காலி பண்ணிக்கோ, என் மச்சான் வரான்" என்று அங்கிள் சொல்லும் நாளில்தான் கேள்விகள் எழுகின்றன. அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறதா? முன்பணம் திரும்புமா? போக மறுத்தால் பூட்டை மாற்றிவிடலாமா? வாடகை பாக்கிக்காக மோட்டார் சைக்கிளைப் பிடித்து வைக்கலாமா?

இந்தக் கேள்விகள் இப்போது கூடுதலாக எழக் காரணம் உண்டு. ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. ஜொகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் ஆர்.டி.எஸ். ரயில் திட்டமும் அங்கே வாடகைச் சந்தையைச் சூடாக்கியிருக்கிறது. கிம்மாஸ் - ஜொகூர் பாரு மின்சார இரட்டை ரயில்பாதை பெக்கோக் வழியாகத்தான் போகிறது. பாதை வந்ததும் ஊர் வளரும் என்கிறார்கள். வளரட்டும். இப்போதைக்கு அந்தப் பாதையில் நம் பிள்ளைகள் தெற்கே போய், இன்னொருவர் வீட்டு அறையில் தங்குகிறார்கள் என்பதுதான் உண்மை நிலவரம்.

வாடகைக்காரரா, தங்குபவரா?

மலேசியாவில் வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் இல்லை. போருக்கு முந்தைய பழைய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்து செய்யப்பட்டு, கெடு முடிந்து 2000ஆம் ஆண்டோடு அந்தக் காலமும் போய்விட்டது. இன்று வாடகைத் தகராறு என்றால் நீதிமன்றம் நாலைந்து பழைய சட்டங்களைச் சேர்த்து வைத்துத்தான் பார்க்கிறது: 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், அதே ஆண்டின் 'ரெலிஃப் ஸ்பெசிஃபிக்' சட்டம், 1951ஆம் ஆண்டு 'டிஸ்ட்ரெஸ்' சட்டம், 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம், தேசிய நிலச் சட்டத்தொகுப்பு. இவற்றோடு நீதிபதிகள் காலங்காலமாகச் சொல்லிவந்த தீர்ப்புகளும் சேரும்.

இந்தச் சட்டங்கள் எல்லாம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். நீங்கள் வாடகைக்காரரா, இல்லை வெறுமனே தங்க அனுமதி பெற்றவரா? முதல் வகையைச் சட்டம் 'டெனன்ட்' என்கிறது, இரண்டாவதை 'லைசென்சி' என்கிறது. மாதம் 350 ரிங்கிட் இருவரும் ஒரே மாதிரி கொடுக்கலாம். ஆனால் இருவருக்கும் கிடைக்கும் பாதுகாப்பு ஒன்றல்ல.

டெனன்ட் என்றால், குறிப்பிட்ட இடம் குறிப்பிட்ட காலத்துக்கு அவர் வசம். வீட்டுக்காரர் உட்பட யாரையும் உள்ளே வராதே என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. லைசென்சிக்கு அந்த உரிமை இல்லை. அனுமதி இருக்கும்வரை அவர் அங்கே இருப்பது அத்துமீறல் ஆகாது, அவ்வளவுதான்.

இதைப் பிரித்துப் பார்க்க நம் வழக்கறிஞர்களும் அடிக்கடி எடுத்துக்காட்டுவது 1985இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வழங்கிய ஸ்திரீட் எதிர் மவுண்ட்ஃபோர்டு தீர்ப்பு. போர்ன்மத் நகரில் ஒரு பெண்மணி வாரம் 37 பவுனுக்கு இரண்டு அறைகள் எடுத்தார். தாளில் 'லைசென்ஸ்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார். தாளில் என்ன பெயர் இருக்கிறது என்பது முக்கியமில்லை, உண்மையில் அந்த அறைகள் அவர் வசம் மட்டுமே இருந்தனவா என்பதே முக்கியம் என்று சொல்லி, அவரை வாடகைக்காரர் என்றே நீதிமன்றம் தீர்மானித்தது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது. வீட்டுக்காரர் சேவைகள் செய்துகொடுத்து, அதற்காக எப்போது வேண்டுமானாலும் அறைக்குள் போய்வரும் நிலை இருந்தால், தங்கியிருப்பவர் வெறும் 'லாட்ஜர்'தான்.

நம் ஊர்ப் பழக்கத்தை இதில் பொருத்திப் பாருங்கள். ஆன்ட்டி தினமும் உள்ளே போய்க் கூட்டுகிறார், துணி துவைத்துக் கொடுக்கிறார், சாப்பாடும் போடுகிறார், அறைக்கு மாற்றுச் சாவி அவரிடம் இருக்கிறது, பள்ளி விடுமுறைக்குச் சொந்தக்காரர் வந்தால் அறையைப் பகிர்ந்துகொள்ளச் சொல்கிறார் என்றால், அந்தப் பிள்ளையை நீதிமன்றம் லாட்ஜராகப் பார்க்கும் வாய்ப்பே அதிகம். அறைக்குத் தனிப் பூட்டு, சாவி இவரிடம் மட்டும், குறிப்பிட்ட தவணை, மாத வாடகை, வீட்டுக்காரர் கேட்காமல் உள்ளே வருவதில்லை என்றால், ஒரே வீட்டில் இருந்தாலும் அந்த அறையளவில் அவர் வாடகைக்காரர் என்று வாதாட இடமுண்டு. அன்பாக நடத்தும் வீட்டில் சட்ட உரிமை குறைந்துபோகிறது. வேடிக்கைதான், ஆனால் சட்டத்தின் போக்கு அப்படி.

இந்த வேறுபாடு தோட்டத்துக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. லயத்து வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களும் சட்டப்படி வாடகைக்காரர்களாக இருந்ததில்லை. வேலை இருக்கும்வரை வீடு, வேலை முடிந்தால் சாவியைக் கொடு என்பதுதான் ஏற்பாடு. வாசலில் மாமரம் வைத்து, பின்னால் கோழி வளர்த்து, கோயில் கட்டி வாழ்ந்த இடத்தில் தங்களுக்கு ஓர் அனுமதி மட்டுமே இருந்தது என்பது பலருக்கு வெளியேற்றக் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. 2011இல் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் தோட்டத்தில் எஞ்சியிருந்த குடும்பங்கள் வீடுகளைக் காக்கப் போராடியது நினைவிருக்கும். பெற்றோர் லயத்தில் எந்த நிலையில் இருந்தார்களோ, கிட்டத்தட்ட அதே நிலையில் பிள்ளைகள் இன்று தாமான் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார்கள். தோட்டத்திலாவது தொழிற்சங்கம் இருந்தது.

பூட்டை மாற்றலாமா?

வாடகைக்காரர் என்று ஆகிவிட்டால் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு, 1950ஆம் ஆண்டு ரெலிஃப் ஸ்பெசிஃபிக் சட்டத்தின் 7(2) பிரிவு. வாடகைக் காலம் முடிந்த பிறகும் ஒருவர் அந்த இடத்திலோ அதன் ஒரு பகுதியிலோ தொடர்ந்து இருந்தால், நீதிமன்றத்தின் மூலமாக அன்றி வேறு வழியில் அவரை வெளியேற்றக் கூடாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. 'ஒரு பகுதி' என்ற சொல்லைக் கவனியுங்கள், அறை விவகாரத்தில் அது பயன்படும். ஆகவே வாடகை மூன்று மாதம் பாக்கி என்றாலும் பூட்டை மாற்றுவது, சாமான்களை வெளியே எடுத்துப் போடுவது, ஆள் வைத்து மிரட்டுவது எதுவும் சட்டப்படி செல்லாது. மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டித்து ஆளைத் தானாகப் போகவைப்பதும் இதே வகைதான். வாடகைக்காரர் நிம்மதியாகக் குடியிருக்கலாம் என்ற உறுதி எழுதாமலே எல்லா வாடகை ஒப்பந்தத்திலும் அடங்கியிருக்கிறது.

வாடகைக்காரருக்கும் ஒரு கடிவாளம் உண்டு. காலம் முடிந்த பிறகும் போகாமல் உட்கார்ந்திருந்தால், 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28(4) பிரிவின்படி வீட்டுக்காரர் அந்த நாட்களுக்கு இரட்டை வாடகை கேட்கலாம். "கோர்ட்டுக்குப் போ, பார்த்துக்கலாம்" என்று வீம்பு பேசும் தம்பிகள் இதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

லாட்ஜர் நிலையில் இருப்பவருக்கு 7(2) பிரிவைக் காட்டி நிற்பது கடினம். நியாயமான கால அவகாசம் கொடுத்து அனுமதியை வீட்டுக்காரர் முடித்துக்கொள்ளலாம். மாதவாரியாகப் பணம் வாங்குகிறவர் ஒரு மாதம் கொடுப்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் எழுதிவைக்காவிட்டால் 'நியாயமான' என்பது எத்தனை நாள் என்று சண்டை போட வேண்டிவரும். இரவு பத்து மணிக்குப் பையைத் தூக்கி வெளியே வைப்பது எந்தக் கணக்கிலும் நியாயமான அவகாசம் ஆகாது. அவகாசம் முடிந்ததும் போக மறுத்தால், அதன்பின் அங்கே இருப்பது அத்துமீறல் ஆகிவிடும்.

சாமான்களைப் பிடித்து வைப்பதில் மட்டும் இரண்டு வகையினருக்கும் பதில் ஒன்றுதான்: கூடாது. வாடகை பாக்கிக்காக வாடகைக்காரரின் பொருள்களைக் கைப்பற்றுவதற்கென்றே 1951ஆம் ஆண்டு டிஸ்ட்ரெஸ் சட்டம் இருக்கிறது. அதற்கு நீதிமன்ற வாரண்ட் வேண்டும், கைப்பற்றுவதும் நீதிமன்ற ஊழியர்தான். அதிலும் 12 மாதப் பாக்கிவரைதான் கேட்க முடியும், உடுத்தும் துணிமணிகளில் கைவைக்க முடியாது. வீட்டுக்காரர் தானே மடிக்கணினியையும் மோட்டார் சைக்கிள் சாவியையும் எடுத்துப் பூட்டிவைத்தால், பாக்கி உண்மையாகவே இருந்தாலும் அவர்தான் தவறு செய்தவர் ஆகிறார்.

அடையாள ஆவணங்களும் அப்படியே. மைகார்டு நகல் கேட்பது முறையானது, கொடுங்கள். அசலை 'அடமானமாக' வாங்கி வைக்க வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. அடுத்தவர் கடப்பிதழைச் சட்டப்பூர்வக் காரணமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு கடப்பிதழ் சட்டப்படி குற்றம்.

பெண் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் கேட்கத் தயங்கும் விஷயம் ஒன்று இருக்கிறது, வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். வீட்டுக்காரரின் வீடு என்பதால் வரவேற்பறையில் கண்காணிப்புக் கேமரா வைக்கலாம். அறையிலோ குளியலறையிலோ எட்டிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் குற்றம். தண்டனைச் சட்டத்தொகுப்பின் 509ஆவது பிரிவு, ஒருவரின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு அந்தரங்கத்தில் நுழைவதைத் தண்டிக்கிறது. இதற்கு வாடகைக்காரரா லாட்ஜரா என்ற கேள்வியே எழாது. தொல்லை பேச்சளவில் இருந்தாலும் 2022ஆம் ஆண்டு பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட நடுவர் மன்றத்தில் புகார் செய்யலாம். அது வேலையிடத்துக்கு மட்டுமான சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை.

முன்பணம் எங்கே போகிறது?

நடைமுறையில் அதிகமான சண்டை இதில்தான். 350 ரிங்கிட் அறைக்கு முதல் மாத வாடகை 350, முன்பணம் 350, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் 175 என்றால், உள்ளே நுழையும்போதே 875 ரிங்கிட். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் வாங்கும் பிள்ளைக்கு அது பாதிச் சம்பளத்துக்கும் மேல். அந்தப் பணம் ஊரில் அம்மாவின் கூட்டுப் பணத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

முன்பணம் எவ்வளவு வாங்கலாம் என்று எந்தச் சட்டமும் வரம்பு போடவில்லை. ஆனால் அது வீட்டுக்காரரின் வருமானம் அல்ல, ஈட்டுப் பணம். உண்மையான பாக்கியையும் உண்மையான சேதத்தையும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்ப வேண்டும். சுவரில் வண்ணம் மங்கியது, மெத்தை அமுங்கியது எல்லாம் புழக்கத்தில் வரும் தேய்மானம், அதற்குப் பிடிக்க முடியாது. 'ஆறு மாதத்துக்குள் போனால் முன்பணம் பறிமுதல்' என்று எழுதியிருந்தால்? ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவுப்படி, மீறலுக்காக ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருந்தாலும் கிடைப்பது நியாயமான இழப்பீடுதான், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே. கியூபிக் எலெக்ட்ரோனிக்ஸ் வழக்கில் 2018ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் இதை விரிவாக ஆராய்ந்தது. முன்பணப் பறிமுதலுக்கும் இந்தப் பிரிவு பொருந்தலாம் என்றது. ஆனால் அந்தத் தொகை அநியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பை ஒப்பந்தத்தை மீறியவர் தலையில் வைத்தது. ஒரு மாத முன்பணத்தை அநியாயம் என்று காட்டுவது எளிதில்லை. ஆகவே தவணை முடியுமுன் கிளம்ப நேர்ந்தால், மாற்று ஆளைக் கொண்டுவந்து விட்டுப்போகப் பேசிக்கொள்வது வழக்குப் போடுவதைவிட மலிவு.

பணத்தைத் திரும்பக் கேட்க எங்கே போவது? பயனீட்டாளர் நடுவர் மன்றம் என்று பலர் நினைக்கிறார்கள். நிலம், அதில் உள்ள உரிமை சம்பந்தப்பட்ட விவகாரங்களை அந்த மன்றம் விசாரிப்பதில்லை என்பதால், வாடகைத் தகராறோடு போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். சரியான இடம், மஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவு. 5,000 ரிங்கிட்வரை கேட்கலாம். இரு தரப்பும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, ஆகவே செலவும் பயமும் குறைவு. பாரம் 198ஐ நிரப்பி, யாரிடம் எவ்வளவு ஏன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் வசிக்கும் வட்டாரத்திலோ விவகாரம் நடந்த வட்டாரத்திலோ உள்ள நீதிமன்றத்தில் கொடுக்கலாம். ஜொகூர் பாரு அறைக்கு ஜொகூர் பாருதான். பெக்கோக்கிலேயே நடந்த விவகாரம் என்றால் மாவட்டத் தலைநகரான சிகாமட் போக வேண்டும். ஒரு நாள் வேலை போகும். 350 ரிங்கிட்டுக்காக அது தேவையா என்று யோசித்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதைத் தெரிந்துகொண்டே பிடித்துவைக்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள்.

எதுவும் எழுதாமல் இருந்தால் வழக்கே நிற்காது என்பதில்லை. மூன்று ஆண்டு வரையிலான வாடகையை வாய்மொழியாகவே ஏற்படுத்திக்கொள்ள நிலச் சட்டத்தொகுப்பு இடம் தருகிறது. வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. நிரூபிப்பதுதான் சிரமம். அதனால் பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்கில் போட்டு, 'மார்ச் அறை வாடகை' என்று குறிப்பு எழுதுங்கள். உள்ளே போன முதல் நாளே அறையைப் படமெடுத்து வீட்டுக்காரருக்கே புலனத்தில் அனுப்பிவிடுங்கள். ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது: எந்த அறை, எத்தனை மாதம், எவ்வளவு, அறைச் சாவி யாரிடம், வீட்டுக்காரர் எப்போது உள்ளே வரலாம், காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும். தமிழில் எழுதினாலும் செல்லும். நீதிமன்றத்துக்குப் போனால் மலாய் மொழிபெயர்ப்பு கேட்பார்கள், அவ்வளவுதான்.

எழுதிய வாடகை ஒப்பந்தத்துக்கு 30 நாளுக்குள் முத்திரை வரி கட்ட வேண்டும். முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு இருந்த விலக்கு 2025 ஜனவரியிலிருந்து இல்லை. ஓராண்டு ஒப்பந்தம் என்றால் 250 ரிங்கிட்டுக்கு ஒரு ரிங்கிட் என்ற கணக்கு. மாதம் 350 என்றால் ஆண்டுக்கு 4,200, வரி 17 ரிங்கிட். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது, அபராதத்தோடு கட்டிய பிறகுதான் எடுத்துக்கொள்ளும். 17 வெள்ளிக்கு இது மலிவான காப்புறுதி.

அறை விடுபவர் கவனிக்க வேண்டியவை

பெக்கோக்கிலும் அறை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் போய்விட்ட வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது. வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியருக்கோ, குத்தகை வேலைக்கு வந்தவருக்கோ விட்டால் மாதம் ஒரு தொகை வரும். தவறில்லை. ஆனால் நம் வீடுதானே, நம் இஷ்டம்தானே என்று நினைத்துவிட முடியாது.

பெரிய ஆபத்து குடிநுழைவுச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 55இ பிரிவுப்படி, சட்டவிரோதக் குடியேறியைத் தம் இடத்தில் இருக்கவிட்டவருக்கு ஓர் ஆளுக்கு 5,000 முதல் 30,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது 12 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில், வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் "அண்ணே, ரூம் இருக்கா" என்று கேட்டு வருவது சாதாரணம். கடப்பிதழையும் பெர்மிட்டையும் பார்த்து, நகல் வாங்கி, காலாவதித் தேதியைக் குறித்துக்கொள்ளாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். தொழிலாளர்களை முதலாளியே கொண்டுவந்து உங்கள் வீட்டில் தங்கவைக்கிறார் என்றால், 446ஆவது சட்டத்தின்படி தொழிலாளர் இலாகாவின் தங்குமிடச் சான்றிதழ் அந்த இடத்துக்கு வேண்டும். அதை முதலாளியிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வரவேற்பறையைப் பலகை வைத்துத் தடுத்து மூன்று அறையாக்குவது இன்னொரு பழக்கம். இதற்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி தேவை, பெக்கோக்குக்கு அது லாபிஸ் மாவட்ட மன்றம். குடியிருக்கும் அறை எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பதற்குக் கட்டட விதிகளில் அளவு உண்டு. வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டர், இரண்டாவது 9.3, மற்றவை 6.5க்குக் குறையக் கூடாது. தடுப்புக்குப் பின்னால் சன்னல் இல்லாத அறையில் ஆளைத் தங்கவைத்து, தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று கொஞ்சம் யோசியுங்கள்.

வாடகை வருமானத்துக்கு வரி உண்டு, மொத்த வருமானம் வரி வரம்புக்குள் வராதவர்கள் கவலைப்பட வேண்டாம். பி.பி.ஆர். வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு அதில் ஓர் அறையை மறுவாடகைக்கு விடுவது விதிமீறல், வீடே போய்விடும்.

அறை தேடுகிறவர்களும் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜொகூர் பாருவில் 'வீட்டுக்காரர்' என்று சொல்லிக்கொள்பவர் பல நேரம் வீட்டின் உரிமையாளரே அல்ல. முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்து, அறை அறையாகப் பிரித்து விடுபவர். அவர் உரிமையாளருக்கு வாடகை கட்டாமல் விட்டாலோ, மறுவாடகைக்கு விடக் கூடாது என்று அவர் ஒப்பந்தத்தில் இருந்தாலோ, ஒழுங்காகப் பணம் கட்டிய நீங்களும் வெளியே நிற்க வேண்டிவரும். மதிப்பீட்டு வரி ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கே கோபப்படுகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

'இந்தியர்களுக்கு இல்லை'

அறை கிடைத்தவர்களின் உரிமையைப் பேசிக்கொண்டிருக்கிறோம். பல பிள்ளைகள் அந்தக் கட்டத்துக்கே வருவதில்லை. தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் "அறை போய்விட்டது" என்ற பதில். சில விளம்பரங்களில் எந்த இனத்தவர் வேண்டாம் என்று வெளிப்படையாகவே போட்டிருக்கும். இதைத் தடுக்க இன்று சட்டம் இல்லை. அரசியல் சாசனத்தின் 8ஆவது விதி சமத்துவம் பேசுகிறதே என்றால், அது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியாரை அல்ல. பியட்ரிஸ் ஃபெர்னாண்டஸ் வழக்கில் 2005இல் கூட்டரசு நீதிமன்றம் எடுத்த நிலைப்பாடு அது.

தன் வீட்டுக்குள் யாரைச் சேர்ப்பது என்பது வீட்டுக்காரரின் சொந்த விருப்பம் அல்லவா என்று கேட்கலாம். பிரிட்டன் இந்தக் கேள்விக்குப் பதில் கண்டிருக்கிறது. அங்கே 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம், தான் குடியிருக்கும் சிறிய வீட்டில் அறை விடுபவருக்குச் சில விலக்குகள் தருகிறது. ஆனால் இனத்தைக் காரணம் காட்டி மறுக்க அவருக்கும் விலக்கு கிடையாது. நம் பக்கமும் ஒரு வார்த்தை. நம்மவர் வீட்டில் அறை கேட்டுப் போகும் பையனிடம் "எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை" என்று விசாரிப்பது எப்போதும் அக்கறையால் மட்டும் அல்ல என்பது நமக்குத் தெரியும்.

வரவிருக்கும் சட்டத்தில் அறைக்கு இடம் இருக்குமா?

வீடமைப்பு ஊராட்சித் துறை அமைச்சு குடியிருப்பு வாடகைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவருவதாகப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. முன்பணத்தைப் பாதுகாப்பது, தகராறுகளை விரைவாகத் தீர்ப்பது, இனப் பாகுபாடு எல்லாம் பேச்சில் அடிபட்டன. அமைச்சர்கள் மாறினார்கள், சட்டம் இன்னும் வரவில்லை.

அது வரும்போது நாம் முதலில் பார்க்க வேண்டியது, 'வாடகைக்காரர்' என்ற சொல்லுக்கு அதில் கொடுக்கப்படும் விளக்கத்தை. காரணம், வெளிநாடுகளில் இந்த வகைச் சட்டங்கள் அறையில் தங்குபவரை அடிக்கடி வெளியே விட்டுவிடுகின்றன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2010ஆம் ஆண்டு குடியிருப்பு வாடகைச் சட்டம் போர்டர், லாட்ஜர் வகையினருக்குப் பொருந்தாது. பிறகு 2012இல் தங்குவிடுதிகளுக்குத் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. பிரிட்டனிலும் 1977ஆம் ஆண்டு வெளியேற்றத் தடுப்புச் சட்டத்தின் முக்கியப் பாதுகாப்புகள், வீட்டுக்காரரோடு வீட்டைப் பகிர்ந்துகொள்பவருக்குக் கிடைப்பதில்லை. சிங்கப்பூர் வேறு வழியில் போயிருக்கிறது. வீவக வீட்டில் அறை விட்டால் உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும், கழக அனுமதி வாங்க வேண்டும், ஆறு மாதத்துக்குக் குறைந்து விட முடியாது. இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகைத் தகராறுகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றமே விசாரிக்கிறது. அக்கரையில் அறை எடுத்திருக்கும் ஜொகூர்க்காரருக்கு இக்கரையில் இருப்பவரைவிடப் பிடிமானம் அதிகம்.

தாமான் வீட்டை முழுதாக வாடகைக்கு எடுக்கும் குடும்பத்தை மனத்தில் வைத்தே நம் சட்டமும் எழுதப்பட்டால், பின்னறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. சட்ட வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது, நம் அரசு சாரா அமைப்புகளும் வட்டாரச் சட்டமன்ற உறுப்பினர்களும் வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில் தங்குபவருக்கு மூன்று விஷயங்களையாவது கேட்க வேண்டும்: எழுத்தில் முன்னறிவிப்பு, முன்பணத்தை ஒரு பொது அமைப்பிடம் வைத்தல், சிகாமட் வரை அலையாமல் இணையம் வழி புகார் செய்யும் வசதி.